ஆண்டாள் கையில் நீலக்கிளி

விருத்தாசலம்,
புதன்கிழமை

என் பூர்ணிமாவுக்கு,

நானும் தென்றலும் நலம். நீ நலமா என்று கேட்டால் அத்தைதான் பதில் சொல்கிறார்கள். ஆபரேஷன் முடிந்து அம்மா வீட்டுக்குப் போனதிலிருந்து நீ போனைக் கையில் வாங்குவதே இல்லை. கொளஞ்சியப்பர் சந்நிதியில் உன்மேல் புகார்ச் சீட்டு எழுதிப் பிராது கட்டிவிடலாம் என்று நேற்று மணவாளநல்லூர் வரைக்கும் போனேன். கோயிலில் நின்றதும், சாமிக்கு எழுதுவதைச் சம்பந்தப்பட்ட ஆளுக்கே எழுதினால் என்ன என்று தோன்றியது. கட்டாமல் திரும்பிவிட்டேன்.

முதலில் ஒரு கூத்தைச் சொல்கிறேன், சிரி. கொலுவுக்கு ஆண்டாள் பொம்மை ஆர்டர் வந்திருக்கிறது. கிளியின் மேல்பூச்சுக்குப் பச்சை கிளேஸ் கலக்க வேண்டியவன் நான். காப்பர் பவுடரும் கறுப்பு, கோபால்ட் பவுடரும் கறுப்பு. என் பக்கத்திலேயே உட்கார்ந்து கிளேஸ் பூசிய உனக்குத் தெரியாததா? நினைப்பெல்லாம் சேத்தியாத்தோப்பில் உன் அம்மா வீட்டிலேயே இருக்க, கை டப்பாவை மாற்றி எடுத்துவிட்டது. பூசும்போது யாருக்கும் தெரியவில்லை. சூளையைப் பிரித்தால், அத்தனை ஆண்டாளும் கருநீலக் கிளியோடு நிற்கிறாள்! முதலாளி ஆதிநாராயணன் என்னைக் கிழிகிழியென்று கிழித்தார். இது கிளியா காக்காவா என்றார். அப்புறம் குரலை இறக்கி உன்னைப் பற்றி விசாரித்துவிட்டுப் போய்விட்டார். நல்ல மனுஷன்.

ஒரு பொம்மையை வீட்டுக்கு எடுத்து வந்தேன். தென்றல் விழுந்து விழுந்து சிரித்தாள். உன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்ததிலிருந்து அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

ஒன்பதாம் வகுப்பில் இப்போது அணுப் பாடமாம். வாசலில் கோலப்பொடியால் வட்டம் வட்டமாகப் போட்டுக் காட்டினாள். நடுவில் அணுக்கரு, அதற்குள் புரோட்டானும் நியூட்ரானும். வெளியே சுற்றுவது எலக்ட்ரான். கோபால்ட்டுக்கு இருபத்தேழு புரோட்டான், காப்பருக்கு இருபத்தொன்பது. ரெண்டே ரெண்டுக்கா எனக்கு இத்தனை திட்டு என்றேன். ஒன்று கூடினாலே வேறு தனிமம்தான், இருபத்தெட்டு என்றால் அது நிக்கல் என்றாள்.

சரி, வெளியே சுற்றுகிற எலக்ட்ரான் போய்விட்டால் என்று கேட்டேன். பார்க்க மாறும், குணமும் மாறும், ஆனால் தனிமம் மாறாதாம். நம் டப்பாவில் இருக்கும் காப்பரே ரெண்டு எலக்ட்ரானை ஆக்சிஜனிடம் விட்டுவிட்டு வந்ததுதானாம். செம்புக் குடம் மாதிரி பளபளக்காது, கறுத்துக் கிடக்கும். அப்படியும் அது காப்பர்தான், புரோட்டான் அப்படியே இருக்கிறதே என்றாள்.

சொல்லிவிட்டுக் கையிலிருந்த கோலப்பொடியைத் தட்டிக்கொண்டாள். பிறகு கேட்டாள்.

"அம்மாகிட்டருந்து எடுத்தது எலக்ட்ரானா, புரோட்டானாப்பா?"

எனக்குப் பதில் தெரியும். அப்படியும் தண்ணீர் குடிக்கப் போவதுபோல உள்ளே போய்விட்டேன்.

புதுச்சேரி ஆஸ்பத்திரியிலும் இதே கதைதான். கட்டியோடு ஒரு பக்க மார்பையும் எடுத்த பிறகு நீ சொன்னாய்: "நான் பழைய பூர்ணிமா இல்லீங்க. நீங்க வூட்டுக்குப் போங்க." நான் மரம் மாதிரி நின்றேன். நீ அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டாய் போலிருக்கிறது. இப்போது சொல்கிறேன். எடுத்தது எலக்ட்ரான்தான் பூர்ணிமா. சாம்பாரில் உப்பை அள்ளிப் போட்டுவிட்டு என் நாக்கைக் குறை சொல்கிறவள், பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைக்காவிட்டால் ஊர் வந்து சேரும்வரை முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறவள், அவளை எந்த டாக்டரும் எடுக்கவில்லை. எனக்கு அவள்தான் வேண்டும்.

உனக்குக் கண்ணாடி பார்க்கப் பயமாக இருக்கிறது என்று அத்தை சொன்னார்கள். நம் வீட்டுக் கண்ணாடியை நான் கழற்றப் போவதில்லை. உனக்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது இரண்டு பேரும் சேர்ந்து பார்ப்போம். அழுகை வந்தால் அழுதுவிட்டுப் போவோம்.

ஆண்டாளைத் தென்றல் டிவி பக்கத்தில் வைத்திருக்கிறாள். கிளிக்குப் பச்சைப் பெயிண்ட் அடித்துத் தருகிறேன் என்றதற்கு, வேண்டாம், அம்மா பார்த்துச் சிரிக்கணும் என்கிறாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் சேத்தியாத்தோப்பு பஸ் ஸ்டாண்டில் நிற்பேன். உனக்கு மனசு வரவில்லை என்றால் ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பிவிடுவேன், கோபப்பட மாட்டேன். அடுத்த வெள்ளிக்கிழமையும் நிற்பேன்.

சாமிக்குக் கட்டாத பிராதை உனக்கு எழுதியிருக்கிறேன். நீயே தீர்த்து வை.

என்றும் உன்,
கொளஞ்சிநாதன்