கழற்றி வைத்த பித்தளை

இதெல்லாம் நடக்கும் என்று அன்றைக்கே சொன்னவன் நான், மச்சான். நிலக்கரி இஞ்சின் போகும் என்றேன், போயிற்று. மீட்டர் கேஜ் போகும் என்றேன், அதுவும் போயிற்று. பழனி லைனையும் ஒருநாள் பிடுங்குவார்கள் என்றேன். உங்களை அடக்கம் பண்ணிய சில மாதத்தில் தண்டவாளத்தைப் பெயர்த்து லாரியில் ஏற்றினார்கள். திண்டுக்கல்லில் இதை முன்கூட்டிச் சொன்ன ஒரே ஆள் நான்தான். கேட்கத்தான் ஆள் இல்லை.

இன்று காலை பட்டறையில் கறுப்பு எனாமல் டப்பாவைத் திறந்தேன். யாரும் பீரோவுக்குக் கறுப்பு கேட்பதில்லை, இன்றைக்கு ஒருவர் கேட்டார். வாடை மூக்கில் ஏறியதும் கை ஓடவில்லை. பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு உங்களுக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன். எட்டாம் வகுப்பை இரண்டு தடவை படித்தவன் எழுதுவது, பிழை இருக்கும். ஒரே பாடத்தை இரண்டு வருடம் படித்தவனுக்கு மற்றவர்களைவிட இரட்டிப்பு அறிவு என்று நீங்கள்தானே அக்காவிடம் சொல்லிச் சிரிப்பீர்கள்.

நீங்கள் லோகோ ஷெட்டில் பாய்லர் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற சமயம். அகலப் பாதை வரப்போகிறது என்று ஊரெல்லாம் பேச்சு. பழைய இஞ்சின்களை இரும்புக்கு வெட்டிக்கொண்டு போய்விட்டார்கள். யார்டின் கடைசியில், கருவேல முள்ளுக்குள் ஒன்றே ஒன்று மிச்சம் நின்றது. அதை ஸ்டேஷன் வாசலில் நினைவாக நிறுத்தலாம் என்று மேலே யோசனை இருக்கிறது, ஒரு அதிகாரி வந்து பார்த்து எழுத வேண்டும், அவர் வேண்டாம் என்றால் இதுவும் வெட்டுக்குத்தான் என்று ஷெட் ஃபோர்மேன் உங்களிடம் சொன்னார். அன்றிலிருந்து காலைப் பூசை முடிந்ததும் மாதா கோயிலிலிருந்து நேராக யார்டுக்குத்தான் போவீர்கள்.

முள்ளை வெட்டி வழி செய்தோம். மழை உள்ளே இறங்கக் கூடாது என்று புகைபோக்கி வாய்க்குத் தார் டின்னை வெட்டி மூடி போட்டீர்கள். பாய்லரில் கிடந்த தண்ணீரைக் கடைசிச் சொட்டுவரை வடித்தீர்கள். பெயிண்ட் என் பொறுப்பு. நான் அடித்த பளபளப்பில் சிறுமலை முழுக்கத் தெரிந்தது என்று ஊரே பேசியது. சரி, பாதி மலை. சக்கரத்தை ஓட்டுகிற ராடுக்கும் கறுப்பு அடிக்கப் போனேன். என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள்.

"அதுக்கு கிரீஸ்தான் மாப்ள. ஓடுற உறுப்புக்குப் பெயிண்ட் அடிச்சா, செத்துப்போச்சுன்னு நம்மளே எழுதிக் குடுத்த மாதிரி."

பிறகு பித்தளை காணாமல் போகத் தொடங்கியது. முதலில் ஒரு எண்ணெய்க் குப்பி, அப்புறம் ஒரு வால்வின் கைப்பிடி. மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுபோவோம் என்றேன். ரயில்வே சாமான், ஒரு நட்டு வீட்டுக்கு வந்தாலும் களவுதான் என்று மறுத்துவிட்டீர்கள். அதற்கும் வழி கண்டுபிடித்தவன் நான்தான். ஆயுதபூஜைக்கு முன் ஷெட்டில் பித்தளை உறுப்புகளைக் கழற்றி, புளியும் செங்கல் பொடியும் போட்டுத் தேய்த்துத் திரும்ப மாட்டுவது வழக்கம். வேதக்காரராக இருந்தும் அந்த வேலையில் நீங்கள்தான் எப்போதும் முன்னால் நிற்பீர்கள். பூஜைக்குக் கழற்றினால் அது எப்படிக் களவாகும் என்று கேட்டேன். நீங்கள் ஃபோர்மேனிடம் போய் வாய்வார்த்தையாகக் கேட்டீர்கள், அவர் தலையாட்டினார். ஒரு துண்டுச் சீட்டு எழுதி வாங்கத் தோன்றவில்லை நம் இருவருக்கும்.

விசில், பிரஷர் கேஜ், நம்பர் பிளேட், எல்லாம் ஒரு சாக்கில் என் சைக்கிளில் வந்தன. அக்கா அடுப்படியிலிருந்து, "குழம்புக்கு வச்ச புளியும் போச்சு. நாளைக்கு அந்த இஞ்சினா வந்து உங்களுக்குச் சோறாக்கிப் போடும்?" என்றாள். நீங்கள் தேய்த்துக்கொண்டே, அது வந்தால் வெஞ்சனத்தோடு போடும் என்றீர்கள்.

பூஜை முடிந்த மறுநாளே மாட்டிவிட வேண்டும் என்றீர்கள். நான்தான் தடுத்தேன். மாட்டினால் அடுத்த நாளே திருடு போய்விடும், அதிகாரி வருகிற தேதி தெரியட்டும், முதல் நாள் மாட்டிக்கொள்வோம் என்றேன். சாக்கு உங்கள் கட்டிலுக்கு அடியில் போயிற்று. ஃபோர்மேன் மாற்றலாகிப் போனார். நீங்கள் அக்காவைக் கூட்டிக்கொண்டு வேளாங்கண்ணிக்குக் கிளம்பினீர்கள். எதற்கு நேர்ச்சை என்று அக்காவிடம்கூடச் சொல்லவில்லை. பஸ் ஸ்டாண்டில் என்னிடம் மட்டும், "மனுசனுக்குன்னா மாதாகிட்டக் கூச்சமில்லாமக் கேட்டுருவேன் மாப்ள. இஞ்சினுக்குக் கேக்கத்தான் எப்படின்னு தெரியல" என்றீர்கள்.

அந்த வாரமே, தகவல் இல்லாமல், அதிகாரி வந்துவிட்டார். கூட ஒரு கிளார்க்கும் ஒரு ரயில்வே போலீஸும். நான் பிரஷ்ஷும் கையுமாக நின்றேன். அதிகாரி மேலே ஏறிப் பார்த்தார். பித்தளை இருந்த இடமெல்லாம் ஓட்டை. ஊரில் நூறு தடவை நான் சொன்ன கதைதான் இனி: அவரை வழிமறித்தேன், சாமான் பூராவும் வீட்டில் பத்திரமாக இருக்கிறது, பத்து நிமிடம் கொடுங்கள் என்றேன், அவர் காதில் வாங்கவே இல்லை. முக்கிய உறுப்புகள் இல்லை, பாதுகாக்கத் தகுதியில்லை என்று கிளார்க் எழுதினார். இஞ்சினின் வயிற்றுப் பக்கம் சுண்ணாம்பால் ஒரு பெருக்கல் குறி போட்டார்கள்.

நீங்கள் மொட்டைத் தலையோடு திரும்பி வந்தபோது பாதி பாய்லர்தான் இருந்தது. கேஸ் கட்டர் எரிந்துகொண்டிருந்தது. நாம் முள் வெட்டி வைத்த வழியிலேயே லாரியைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள்.

"வீட்ல இருக்குன்னு சொன்னியா மாப்ள?"

"மூணு தடவ சொன்னேன் மச்சான். அந்த ஆளு கேக்கல."

மறுநாள் சாக்கைத் தூக்கிக்கொண்டு ரயில்வே அலுவலகத்துக்குப் போனீர்கள். எந்த இஞ்சினுடையது என்று கேட்டார்கள். நம்பரைச் சொன்னீர்கள். அப்படி ஒரு இஞ்சினே இப்போது இல்லையே பெரியவரே, இல்லாத இஞ்சினுக்குச் சாமானை எப்படி வாங்கிக்கொள்வது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். போன சாக்கு திரும்பவும் கட்டிலுக்கு அடியில்.

அந்த அதிகாரி மேல் வருடக்கணக்கில் மனு எழுதினீர்கள். என் மைத்துனர் மூன்று முறை சொல்லியும் செவிசாய்க்காதவர் என்று ஒவ்வொன்றிலும் எழுதுவீர்கள், என்னையே சாட்சிக் கையெழுத்து போடச் சொல்வீர்கள். போட்டேன். ஒரு மனிதனை மன்னிக்க முடியவில்லை, அந்த மனதோடு எப்படிப் போய் நிற்பது என்று பூசையில் சாமியார் கையால் நன்மை அப்பம் வாங்குவதை நிறுத்திவிட்டீர்கள். எல்லோரும் அதற்கு வரிசையில் போக, நீங்கள் மட்டும் கடைசி பெஞ்சில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருப்பீர்கள். கடைசியில் நீங்கள் சாகக் கிடந்தபோது சாமியார் எண்ணெய் பூச வந்து, எல்லோரையும் மன்னித்துவிட்டீர்களா என்று காதருகில் கேட்டபோதும் வாயைத் திறக்கவில்லை. என்னைத்தான் பார்த்தீர்கள், எனக்காகவும் சேர்த்துக் கோபப்படுகிறவர் மாதிரி.

மச்சான், நான் அன்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. அந்த மூன்று தடவை நான் கட்டிய கதை. போலீஸ்காரர் கையில் இருந்த தடியைப் பார்த்தேன். சாக்கு உங்கள் வீட்டில், கொண்டுபோனது என் சைக்கிளில், கையில் ஒரு சீட்டு இல்லை. தெரியாதுங்க, பெயிண்ட் அடிக்க வந்தவன் நான் என்றேன். இதைத்தான் அன்றிலிருந்து சுமக்கிறேன். சாமான் எங்கே என்று அந்த அதிகாரி என்னிடம் கேட்கத்தான் செய்தார். தன்மையாகத்தான் கேட்டார். நான் ஏதாவது சொல்வேன் என்று செத்த நேரம் நின்றுகூடப் பார்த்தார்.