சாவித் துளை இல்லாத போனோகிராப்

அன்புள்ள அண்ணாவுக்கு,

அம்மா இப்போதுதான் கண்ணயர்ந்தாள். எனக்கு நேற்றும் தூக்கமில்லை. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

நீ அனுப்பிய பழம்பொருள் மதிப்பீட்டாளர் வந்து அப்பாவின் பழைய பாட்டுப்பெட்டியை, அந்தப் போனோகிராபைப் பார்த்தார். முறுக்குகிற சாவி தொலைந்துபோன உதவாத பெட்டி என்றுதானே இத்தனை காலம் நினைத்தோம்? அவர் அதைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"சாவி தொலையலைம்மா. இதுக்குச் சாவியே கிடையாது. துளை எங்க இருக்கு, பாருங்க? பேட்டரியில ஓடுற மோட்டார் இது. இந்த மாதிரி முழுசா ஒண்ணு கிடைக்கிறது குதிரைக்கொம்பு."

நல்ல விலை போகுமாம். அந்தப் பணத்தில், நீ சொன்ன முதியோர் இல்லத்தில் அம்மாவைச் சேர்த்துவிடலாம்.

மோட்டார் ஓடுகிறதா என்று பார்க்க, தான் கொண்டுவந்த பேட்டரியை இணைத்தார். பாட்டுப் பதிந்த மெழுகு உருளை சுழன்றது. கரகரப்புக்கு நடுவே பெட்டியின் ஒலிக்குழாயிலிருந்து வயலின் கேட்டது. மாதக்கணக்காக வாய் திறக்காத அம்மா, கட்டிலில் இருந்தபடியே பேசினாள்.

"சத்தத்தைக் குறைங்க. பசங்க தூங்குறாங்க."

நாம் தூங்கிய பிறகுதான் அப்பா அதைப் போட்டிருக்கிறார், அண்ணா. நமக்கு எப்படித் தெரிந்திருக்கும்?

அந்த மனிதர் துடைப்பதற்கு வைத்திருந்த துணியைச் சுருட்டிக் குழாயின் வாயில் செருகினார். உருளை நிற்கும்வரை அம்மா தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

விற்க வேண்டாம் என்று உன்னோடு மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்லை. விற்கவும் கை வரவில்லை. நீயே ஒருமுறை வா. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து அதைப் போட்டுக் கேள். பிறகு நீ சொல்வதைச் செய்கிறேன்.

உன் தங்கை