ஒரு கட்டில் விற்பனைக்கு

காலையிலிருந்து என் இரண்டு கையிலும் நீலகிரித் தைலம் நாறுகிறது. மணக்கிறது என்று எழுதத்தான் கை வந்தது, ஆனால் இன்றைக்கு எனக்கு அது நாற்றம்தான். யாரோ ஒரு பையன், விற்கச் சொல்லி என்னிடம் வந்திருக்கிற ஃப்ரிட்ஜின் கதவு முழுக்க ஸ்டிக்கர் ஒட்டிவைத்துவிட்டு வளர்ந்து வேலைக்குப் போய்விட்டான். அந்தப் பிசினை எடுக்க உட்கார்ந்திருந்தேன். தைலத்தைப் பஞ்சில் நனைத்து ஊறவிட்டு, பழைய ஏடிஎம் கார்டால் வழித்தால் கீறாமல் வரும் என்று காட்டிக்கொடுத்தவள் நீ. வந்தது. கூடவே உன்மேல் கோபமும் வந்தது.

நீ போய் ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. அழ வேண்டியவர்கள் அழுது முடித்துவிட்டார்கள். எனக்குக் கோபமே இன்னும் முடியவில்லை, அழுகைக்கு எப்போது வந்து சேர்வேன் என்று தெரியவில்லை. நீ பதில் பேச முடியாத இடத்தில் இருக்கும்போதே திட்டிவிடலாம் என்றுதான் இதை எழுதுகிறேன். இருந்திருந்தால் ஒரு வாக்கியத்தை முழுசாக முடிக்க விட்டிருப்பாயா?

முதல் தடவை என் வீட்டுக்கு வந்ததே சண்டை போடத்தான். நான் ஒரு இரும்பு ஷெல்ஃபை விற்க ஆன்லைனில் போட்டிருந்தேன். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்தியவள், சும்மா விடுவேனா? "தலைமுறைகள் தாண்டி நிற்கும் உறுதி" என்று எழுதியிருந்தேன். நீ மந்தைவெளியிலிருந்து அபிராமபுரம் வரை வெயிலில் நடந்து வந்து, ஷெல்ஃபை ஒரு ஆட்டு ஆட்டினாய். அது உன்னைவிட அதிகமாக ஆடியது. "கால் துரு புடிச்சிருக்கு. இதை ஏன் போட்டோல காட்டல?" என்று கேட்டாய். வாழ்நாளெல்லாம் பிள்ளைகளை நிற்கவைத்துக் கேள்வி கேட்ட நான் காபி போட உள்ளே போய்விட்டேன். என் காபியைக் குடித்துவிட்டு, துருவைக் கிட்டே போய்ப் படம் எடுத்துக் காட்டினாய்.

"கீறலை முதல் படத்துலயே காட்டிடணும்பா. அதுக்கப்புறமும் கேக்கறவங்கதான் வாங்கறவங்க."

அப்படித் தொடங்கியதுதான் நம் வியாபாரம். என் வீட்டில் கார் இல்லாத கார் ஷெட் இருந்தது, உன்னிடம் பல்லைக் கடித்துக்கொண்டு பேரம் பேசும் பொறுமை இருந்தது. நீ படம் எடுப்பாய், நான் எழுதுவேன். நான் எழுதியதில் பாதியை நீ அடிப்பாய். "மிக்ஸிக்கு எதுக்குப்பா இவ்ளோ அலங்காரம்? மூடில விரிசல் இருக்குன்னு எழுது" என்பாய். நான் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பேன். அந்த மிக்ஸி மூன்றாம் நாள் போய்விடும்.

அந்த வியாபாரத்தில் மனுஷர்களைப் பற்றி எனக்கு இருந்த நல்லெண்ணம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. "இருக்கா?" என்று ஒற்றை வார்த்தையில் கேட்டுவிட்டுக் காணாமல் போகிறவர்கள். பார்க்காமலேயே "கடைசி விலை சொல்லுங்க" என்கிறவர்கள். ஞாயிற்றுக்கிழமை காலை வருகிறேன் என்று சொல்லி நம்மைக் குளிக்காமல் காத்திருக்க வைத்துவிட்டு, போனை அணைத்துவிடுகிறவர்கள். தி.நகரிலிருந்து ஆட்டோவில் வந்து இறங்கிய ஒரு அம்மா, டைனிங் டேபிளை அரை மணி நேரம் தடவிப் பார்த்துவிட்டு, எங்கள் வீட்டில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது, இது எவ்வளவு போகும் என்று தெரிந்துகொள்ள வந்தேன் என்றாளே, நினைவிருக்கிறதா? ராணுவத்தில் இருப்பதாகச் சொல்லி, பணம் அனுப்புகிறேன், இந்த க்யூஆர் படத்தை ஸ்கேன் பண்ணுங்கள் என்றானே ஒரு திருடன், அவனை நீ விடவில்லை. அங்கே குளிர் எப்படி, சப்பாத்தியா சோறா, அம்மாவிடம் பேசினாயா என்று கேட்டுக் கேட்டே அவனை அலுத்துப்போக வைத்தாய். கடைசியில் அவனே போனை வைத்துவிட்டான்.

நல்லதும் இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. கல்யாணமான கையோடு மதுரையிலிருந்து வந்த ஒரு ஜோடி, அடுப்பு, வாளி, மெத்தை என்று குடித்தனத்தையே நம்மிடம் வாங்கிப் போனது. பொங்கலன்று நம் அடுப்பில் பால் பொங்குகிற படத்தை அனுப்பினார்கள். அதை நீ லஸ் முனையில் பஸ்ஸுக்கு நின்ற அத்தனை பேரிடமும் காட்டினாய்.

ஆனால் ஒரு விஷயத்தில் நீ இம்மியும் நகர மாட்டாய். செத்தவர்களின் சாமான். ஊரில் எல்லாரும் அதற்கு ஒரே பொய்யைத்தான் வைத்திருக்கிறார்கள். வெளிநாடு போகிறோம், அதனால் விற்கிறோம். சாய்வு நாற்காலியை விற்கத் தந்த ஒரு மருமகள், மாமனார் இறந்துபோனதை எழுத வேண்டாம், யாரும் வாங்க மாட்டார்கள் என்று கெஞ்சினாள். எனக்கும் அதுதான் நியாயமாகப் பட்டது. நீதான் ஒப்புக்கொள்ளவில்லை. "அந்த மனுஷன் போயிட்டாரு. அவர இன்னொரு தடவ பிளேன்ல ஏத்தி அனுப்பணுமா?" என்றாய். இறந்தவருடையது என்றே போட்டோம். பல நாள் சீந்துவாரில்லை. அப்புறம் ஒரு வாத்தியார் வந்து, பெரியவர் எந்தப் பக்கம் சாய்ந்து உட்காருவார் என்றெல்லாம் விசாரித்து எடுத்துப் போனார்.

அதே வாயால்தான் நீ என்னிடம் அடையாற்று அம்மாவைப் பற்றிச் சொன்னாய்.

அதற்குக் கொஞ்சம் முன்னால், ஆழ்வார்பேட்டையில் ஒரு ஃப்ளாட்டை ஒழிக்கப் போயிருந்தோம். அம்மா போய்விட்டாள், மகன் வீடியோ காலில். நாம் ஒவ்வொரு இழுப்பறையாகத் திறந்து போனைக் காட்ட, அவன் "தூக்கிப் போடுங்க, தூக்கிப் போடுங்க" என்றான். மூக்குக் கண்ணாடி, பல் செட், கட்டி வைத்திருந்த பழைய ரவிக்கைகள். ஆட்டோவில் திரும்பினோம். மந்தைவெளி பஸ் ஸ்டாண்டு வந்ததும், "என் டிராயரை ஒருத்தரும் இப்படித் திறக்கக் கூடாதுப்பா" என்றாய். எல்லாருக்கும் வருகிற நினைப்புதான் என்று விட்டுவிட்டேன்.

அதற்கப்புறம்தான் அடையாற்றில் ஒரு அம்மா கிடைத்தார். மகளோடு ஆஸ்திரேலியாவுக்கே போகிறார், வீட்டையே காலி செய்கிறார், யாரையும் உள்ளே விட மாட்டார், நீ மட்டும் போய்ப் படம் எடுத்து வருவாய் என்றாய். படங்கள் வந்தன. வெள்ளைச் சுவர், முன்னால் ஒரு பொருள். பீரோ, ஃப்ரிட்ஜ், தையல் மிஷின், பட்டுப்புடவைகள். வாங்குகிறவர்கள் நேராக அங்கேயே வந்து எடுத்துக்கொள்வார்கள் என்று முகவரியை அவர்களுக்கு நீயே அனுப்பினாய். குத்துவிளக்குப் படத்தைப் பார்த்துவிட்டு, உன் வீட்டில் இருப்பது மாதிரியே இருக்கிறதே என்று நான் கேட்டேன். "அந்தக் காலத்துல எல்லா வீட்லயும் இதே விளக்குதான்" என்றாய், கண் கூட இமைக்காமல். வயசான காலத்தில் அந்த அம்மாவுக்கு அங்கே குளிர் தாங்குமா என்று நான் உருகியபோது, "தாங்கிப்பாங்க" என்றாய்.

அத்தனைக்கும் விளம்பரம் எழுதியவள் நான். "உரிமையாளர் வெளிநாடு செல்வதால்" என்று என் கையாலேயே எழுத வைத்தாய். உன் புடவைகளை, நான் பார்த்தே இராத உன் புடவைகளை, "அதிகம் உடுத்தாதவை" என்று நான் எழுதினேன். அந்த மாதங்களில் நான் உன் வீட்டுக்கு வருகிறேன் என்றபோதெல்லாம் அங்கே பெயின்ட் வேலை நடந்தது. அப்புறம் ஒழுகல் வேலை நடந்தது. அப்புறம் நீ கோயம்புத்தூரில் தங்கை வீட்டில் இருந்தாய். இடையில் கை சுளுக்கு, அதனால் கனம் தூக்க மாட்டாய். நான் எல்லாவற்றையும் நம்பினேன். உன்னை நம்பாமல் வேறு யாரை நம்புவது?

உன் தங்கை கோயம்புத்தூரிலிருந்து பேசவில்லை, அடையாற்றில் ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து பேசினாள். அப்போது நீ போய்விட்டிருந்தாய். வயிற்றில் கட்டி, இரண்டு வருஷமாக. அவளுக்கே கடைசி வாரம்தான் சொன்னாயாம். அந்த இரண்டு வருஷமும் நீ என் ஷெட்டில், என் எதிரில் உட்கார்ந்து மற்றவர்களின் ஃபேனுக்குத் தூசி தட்டிக்கொண்டிருந்தாய்.

சாவியைக் கொடுத்து, மிச்சத்தை விற்றுவிடுங்கள் என்றாள். கதவைத் திறந்தேன். மிச்சம் என்ன வைத்திருந்தாய்? ஒரு குடம், ஒரு தட்டு, ஒரு கட்டில். பீரோ இருந்த இடத்தில் சுவர் மட்டும் வெளுப்பாக இருந்தது. அடையாற்று அம்மா என்று ஒருவரே இல்லை. அந்த வெள்ளைச் சுவரை எனக்கு நன்றாகத் தெரியும், அதன் முன்னால் நின்ற அத்தனை பொருளுக்கும் நான்தான் வரி எழுதியிருந்தேன். அங்கேயே நின்று உன்னைக் கெட்ட வார்த்தையில் திட்டினேன். பாடம் நடத்திய வாய் என்று பார்க்கவில்லை. உன் டிராயரை யாரும் திறக்கக் கூடாது என்றால் சரி. நான் யாரோ ஒருத்தியா?

கட்டிலைப் பற்றி உன் தங்கையோடும் சண்டை வந்தது. "அக்கா, வெளிநாடு போறாங்கன்னு போட்டுடுங்கக்கா. செத்தவங்க கட்டில்னா யாரு தொடுவா? வீட்டு ஓனர் சாவி கேக்கறாரு" என்றாள். அவள் மேல் தப்பில்லை, ஊர் வழக்கத்தைச் சொன்னாள். ஆனால் உன்னை ஒரு தடவை பிளேனில் ஏற்றியது போதும் என்றிருந்தது எனக்கு. இன்னொரு தடவை ஏற்றினால் நீ செத்ததே எங்கும் பதிவாகாமல் போய்விடும் போலிருந்தது. முடியாது என்று சொல்லிவிட்டேன். கட்டில் காலில் இருந்த கீறலை முதல் படமாக வைத்தேன். "தேக்குக் கட்டில். இதில் படுத்திருந்தவர் இறந்துவிட்டார். அவர் என் சிநேகிதி" என்று எழுதினேன்.

வந்த பதில்களைக் கேள். தொத்து வியாதியா என்று ஒருவர். ராசியில்லாத கட்டில், பாதி விலைக்குத் தருவீர்களா என்று ஒருவர். மனசாட்சியே இல்லையா, இதையெல்லாமா விற்பது என்று ஒருவர் எனக்குப் புத்தி சொல்லிவிட்டு, கீழேயே மெத்தையும் உண்டா என்று கேட்டிருந்தார். ஒவ்வொருவருக்கும் பதில் எழுதினேன். அடிக்க நீ இல்லாததால் எல்லாம் நீளமாகப் போனது.

கடைசியில் பட்டினப்பாக்கத்திலிருந்து மீன் விற்கிற அம்மா ஒருவர், தம்பியையும் மீன்பாடி வண்டியையும் கூட்டிக்கொண்டு வந்தார். மகள் பிரசவத்துக்கு வருகிறாளாம். அவரும் சாவைச் சொல்லித்தான் விலையைக் குறைத்தார், அதில் ஒளிவு மறைவே இல்லை. நான் கொடுக்க ஒத்துக்கொண்ட பிறகும் கட்டிலைத் தட்டிக்கொண்டே கேட்டார்.

"கட்டில்லயே பூட்டாங்களா, ஆஸ்பத்திரிலயா?"

"ஆஸ்பத்திரில."

"இன்னா நோவு?"

சொன்னேன்.

"ரெண்டு வருசமா? நீதான் கூட இருந்து பாத்துக்கினியாம்மா?"

அவ்வளவுதான். வாசல் வரை கேட்கிற மாதிரிக் கத்தினேன். இல்லை, நான் பார்த்துக்கொள்ளவில்லை, என்னைப் பார்க்க விடவில்லை, நடக்கிற தூரத்தில் நான் இருந்தேன், ஒரு கஞ்சி வைத்துக் கொடுக்கக்கூட அவள் எனக்கு இடம் தரவில்லை, சும்மா உட்கார்ந்து ஆஸ்திரேலியாவில் குளிர் எப்படி என்று கேட்டுக்கொண்டிருந்தேன் என்று அந்த அம்மாவிடம் கத்தினேன். அவருக்கு ஒன்றும் புரிந்திருக்காது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றார். நான் ஓய்ந்ததும், "சரிம்மா, வண்டில ஏத்தலாமா? வெயில் ஏறிக்கினே போவுது" என்றார். ஏற்றினோம். ஒரு முனையை நான் பிடித்தேன்.

போன வாரம் அவரிடமிருந்து போன் வந்தது. புகார்.

"இந்தாம்மா, பொரண்டு படுத்தா கட்டிலு கிறீச்சு கிறீச்சுங்குது. எம்பொண்ணு வலியில பொரண்டுக்கினே கெடந்துச்சு, வூட்ல ஒருத்தரும் தூங்க முடியல. கீறலெல்லாம் காமிச்சியே, இத்த ஏன் சொல்லல?"

எனக்குத் தெரியாது என்றேன். அதில் படுத்தவளுக்குத்தான் தெரியும் என்றேன். வேண்டாமென்றால் எடுத்துக்கொள்கிறேன் என்றும் சொன்னேன்.

"திருப்பி இன்னாத்துக்கு? எந்தம்பி ஒரு ஆணி அடிச்சான், நின்னுபூடுச்சு. உங்கைல சொல்லணும்னுதான் போட்டேன்" என்று வைத்துவிட்டார். மகளுக்குப் பெண் குழந்தையாம், அதையும் சொன்னார்.

ஒரு ஆணி. நீ நோயைச் சொல்லியிருக்க வேண்டாம். கட்டில் சத்தம் போடுகிறது, வந்து ஒரு ஆணி அடித்துவிட்டுப் போ என்று சொல்லியிருந்தால் சுத்தியலோடு வந்திருப்பேன். வந்திருந்தால் காலியான வீட்டைப் பார்த்திருப்பேன். நான் அதைப் பார்க்கக் கூடாது என்ற அந்த ஒன்றுக்காகத்தான், வலியில் புரளும்போதெல்லாம் அந்தச் சத்தத்தையும் சேர்த்துக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தாய். இப்போது தினமும் படுக்கப் போகும்போது அது எனக்குக் கேட்கிறது. எழுந்து போய் அடிக்கலாம் என்றால் கட்டில் என்னிடம் இல்லை.