பொன்னுரங்கம் மாமாவின் கொல்லை

மேல்பட்டாம்பாக்கம்,
4.4.2008

அன்புள்ள இசைவாணிக்கு,

அம்மா எழுதுவது. எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை, மாத்திரை ஒழுங்காகப் போடுகிறேன், குவைத்தில் நீயும் டியூட்டிக்கு நடுவே வேளைக்குச் சாப்பிட்டு சுகமாக இருக்க ஜெபிக்கிறேன். புறவழிச்சாலைக்கு நம் நிலத்தை எடுக்கவில்லை என்றதும் போனில் நீ, மாதா காப்பாத்திட்டாங்கம்மா, அங்கதான் வீடு கட்டப்போறேன் என்றாய். மாதாவை இதில் இழுக்காதே. காப்பாற்றியது நான் எழுதிய மனு. நோட்டீஸ் வந்தபோது தெருவில் எல்லோருக்கும் ஆட்சேபணை எழுதிக் கொடுத்தது நான்தான். நமக்கு எழுதும்போது மட்டும், சாலையை மேற்கே தள்ளினால் வெறும் தரிசுதான் இருக்கிறது என்று ஒரு வரி சேர்த்தேன். மேற்கே இருப்பது பொன்னுரங்கம் மாமா கொல்லை. அந்த வாரம்தான் கரும்பு வெட்டி, காய்ந்த இலைச் சோகையைக் கொளுத்தியிருந்தார், நிலம் கருகிக் கிடந்தது, அளக்க வந்தவர்களும் அப்படியே குறித்துக்கொண்டு போனார்கள். அடியில் கரும்புக் கட்டை உயிரோடு இருக்கிறது, தண்ணீர் விட்டால் துளிர்க்கும் என்பது எனக்குத் தெரியாதா? அந்த வரப்பு மேல் நடந்துதான் இத்தனை வருடம் பள்ளிக்கூடத்துக்குப் பாடம் நடத்தப் போனேன்.

இப்போது நோட்டீஸ் அவருக்கு வந்துவிட்டது. அந்த முக்கால் காணியைத் தவிர அவருக்கு வேறு நிலம் இல்லை. என்னிடமே கொண்டுவந்து படிக்கச் சொன்னார். தரிசு என்கிற வார்த்தையை மட்டும் விட்டுவிட்டுப் படித்தேன். அவர் சிரித்துக்கொண்டே, உடுங்க டீச்சரம்மா, நடுரோட்டுல கரும்பு நட்டு வைக்கிறேன், லாரிக்காரன் ஒடிச்சித் தின்னுட்டுப் போவட்டும் என்றார். அப்புறம், நீங்களே ஒரு மனு எழுதிக் குடுங்க, ஒங்க எழுத்துக்குத்தான் ஆபீசுல மதிப்பு என்றார். அன்றிலிருந்து அவர் மனைவி மங்கலம் எதிரே வந்தால் என்னால் தலை நிமிர முடியவில்லை. மனுவை எழுதிவிட்டேன், நான் முன்பு எழுதியது பொய் என்பதையும் சேர்த்து. நேற்று அதை அவரிடம் ஒரு வரி விடாமல் படித்துக் காட்டினேன். முடித்ததும் எழுந்து போய்விட்டார்.

இருபத்தெட்டாம் தேதி மஞ்சக்குப்பம் கலெக்டர் ஆபீசில் விசாரணை. அப்பாவுக்குப் பிறகு பட்டாவில் உன் பெயரும் இருப்பதால், நம் நிலத்தை எடுத்துக்கொள்ளலாம் என்று இருவரும் எழுதித் தந்தால்தான் சாலையைப் பழையபடி மாற்றுவார்களாம். அந்தக் காகிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். நீ வீடு கட்ட நினைத்த இடம், வாய்விட்டுக் கேட்க வெட்கமாக இருந்ததால்தான் எழுதுகிறேன். நீ சம்மதிக்காவிட்டாலும் எனக்கு வருத்தமில்லை, தரிசு இல்லை என்று நான் மட்டுமாவது போய்ச் சொல்லிவிட்டு வருவேன்.

ஆண்டவர் உனக்கு நல்ல சுகத்தைத் தரட்டும். இருபதாம் தேதிக்குள் தபால் வந்து சேர வேண்டும். என்னைத் திட்டி எழுதுவதானால் தனித்தாளில் எழுது, அந்தக் காகிதத்தில் கையெழுத்து மட்டும் போதும்.

ஆசீர்வாதத்துடன்,
உன் அம்மா
ராஜாமணி