பின்னால் போன படகு

3-2-2025, திங்கள்

ஜூஜுவாடியில் கடை போட்டு இருபத்தாறு வருஷம். லாரி, டிப்பர், பஸ், ஒரு தடவை சர்க்கஸ்காரன் வேன் – எல்லாத்துக்கும் கியர் பாக்ஸ் இறக்கி ஏற்றியிருக்கிறேன். இன்றைக்கு வந்தது ஒரு பாய்மரப் படகு. டிரெய்லரில் ஏறி ஹைவேயில் வந்து, எங்கள் ஒர்க்‌ஷாப்புக்குப் பக்கத்து குடோனில் நிற்கிறது.

பெங்களூர் குருமூர்த்தி சாருடையது. பெரிய வேலையில் இருந்து ரிட்டையர் ஆனவர். காற்று இல்லாத நேரத்துக்கு என்று படகின் அடிவயிற்றில் ஒரு ரெண்டு சிலிண்டர் டீசல் இன்ஜின். அதன் கியர் பாக்ஸ் போய்விட்டது. புதுசு மாட்ட வேண்டும்.

"போட் வேலை செஞ்சிருக்கீங்களா கங்கப்பாரே?"

"டீசல் இன்ஜின்தானே சார்" என்றேன். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. கடலுக்கும் எனக்கும் உள்ள பழக்கம் உப்போடு சரி.

6-2-2025, வியாழன்

பழைய பாக்ஸை இறக்கியாச்சு. நம்ம லாரி பாக்ஸுக்குப் பேரன் மாதிரி இருக்கிறது, ஒரு கையில் தூக்கலாம். முன்னால், நியூட்ரல், பின்னால் – மூன்றே நிலை. ஆனால் அந்தப் பொந்துக்குள் இறங்க ஒல்லி ஆள் வேண்டும். என் தொப்பை உள்ளே போய்விட்டது, வெளியே வர மாட்டேன் என்றது. லேத் பட்டறை அசோக்குமார் காலைப் பிடித்து இழுத்தான். "பிரசவம் ஆயிடுச்சு, ஆம்பளப் புள்ள" என்று டீக்கடை வரைக்கும் கத்திவிட்டுப் போனான்.

11-2-2025, செவ்வாய்

புதுப் பாக்ஸ் ஏறிவிட்டது. அதோடு வந்த புத்தகம் முழுக்க இங்கிலீஷ். நான் ஒன்பதாவதோடு நின்றவன். மகள் மோகனப்ரியாவைக் கூட்டிப்போனேன். மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்து எட்டு மாதமாக மத்திகிரி வீட்டில் சும்மா இருக்கிறாள். ஏணியில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் படித்துச் சொன்னாள். ஷாஃப்ட் இணைகிற கப்ளிங்குக்கு நடுவில் ஃபீலர் கேஜ் என்கிற மெல்லிய தகட்டை விட்டு நாலு பக்கமும் இடைவெளி பார்த்ததும் அவள்தான். குருமூர்த்தி சார் பார்த்துக்கொண்டே நின்றார்.

"பொண்ணு கை நடுங்கல, கங்கப்பாரே. சிப்காட்ல கியர் கம்பெனில ராஜலட்சுமின்னு, என்கிட்ட வேலை பார்த்தவங்க, இப்ப குவாலிட்டி ஹெட். அவங்ககிட்ட சொல்றேன்."

பாப்பா வீடு வரும்வரை பேசவேயில்லை. சந்தோஷம் வந்தால் அவளுக்கு வாய் பூட்டிக்கொள்ளும்.

13-2-2025, வியாழன்

இன்ஜினை ஓட்டிப் பார்த்தோம். குளிர்விக்கும் தண்ணீருக்கு டிரம்மில் ஓஸ் போட்டு. நான் உள்ளே கியர் லீவரிடம். பாப்பா வெளியே, படகின் பின்பக்கம், தண்ணீரைத் தள்ளும் விசிறிக்கு நேராக. லீவரை முன்னால் தள்ளினேன்.

"இடப்பக்கம் சுத்துதுப்பா."

"சரியாத்தான் இருக்கு. எதிர்ல இருந்து பாக்குற. இன்ஜின் பக்கத்துல இருந்து பாத்தா வலப்பக்கம்."

"புத்தகத்துல பின்னாடி நின்னு பாக்கச் சொல்லியிருக்குப்பா. பின்னாடி நின்னு பாத்தா வலப்பக்கம் சுத்தணுமாம்."

லாரியில் எப்போதும் ரேடியேட்டர் பக்கம், முன்னால் நின்றுதான் சுற்றைப் பார்ப்போம். இருபத்தாறு வருஷம் அப்படித்தான். "நீ வாய மூடு, எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டேன். மூடிக்கொண்டாள். சாரிடம் முடிந்தது என்று சொன்னேன். சாமி கும்பிட்டுப் பூசணிக்காய் உடைத்தார்கள்.

பாப்பாவுக்கு 26-ஆம் தேதி இன்டர்வியூ என்று சார் போகும்போது சொன்னார்.

22-2-2025, சனி

எப்படி எழுதுவது.

பதினோரு மணிக்கு டீக்கடையில் இருந்தேன். புதுச்சேரியிலிருந்து சார் போன். படகைக் கடலில் இறக்கி, சொந்தக்காரர்கள் எல்லாம் ஏறி, லீவரை முன்னால் தள்ளினாராம். படகு பின்னால் போய் கான்கிரீட் சுவரில் இடித்து சுக்கான் பிளந்துவிட்டதாம். யாருக்கும் அடி இல்லை. கரையில் மீன்காரர்கள் சிரித்தார்களாம்.

"ஃபார்வர்டு போட்டா ரிவர்ஸ் போகுது. யாரு செக் பண்ணது கங்கப்பன்?" – பெயரின் கடைசியில் இருந்த மரியாதை போய்விட்டிருந்தது.

அசோக்குமார் இருக்கிறான், டீ மாஸ்டர் இருக்கிறார், ரெண்டு டிரைவர்கள் இருக்கிறார்கள். எல்லாரும் என் முகத்தைப் பார்க்கிறார்கள். என் வாயில் இது வந்தது:

"பொண்ணுதான் சார் பின்னாடி நின்னு பாத்தா. அவதான் சரியா சுத்துதுன்னு சொன்னா. சின்னப் பொண்ணு, தப்பா பாத்துட்டா போல."

போனை வைத்துத் திரும்பினால் பாப்பா நிற்கிறாள். சாப்பாடு கொண்டுவந்திருக்கிறாள். கேரியரை பெஞ்சில் வைத்தாள். சிந்தாமல், சத்தம் வராமல் வைத்தாள். ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

நான் அந்தச் சோற்றைத் தின்றேன். அதையும் எழுதிவைக்கிறேன்.

23-2-2025, ஞாயிறு

வீட்டில் யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

25-2-2025, செவ்வாய்

கம்பெனியிலிருந்து பாப்பாவுக்கு போன். நாளைக்கு வர வேண்டாம், அப்புறம் பார்க்கலாம். செக்கிங் வேலைக்கு ஆள் எடுக்கிறவர்களிடம், இவள் பார்த்ததைத் தப்பாகச் சொல்கிறவள் என்றால் வேறென்ன சொல்வார்கள்? சார் சொல்லியிருக்கிறார். சாருக்குச் சொன்னது நான்.

என் வீட்டுக்காரி நஞ்சம்மா அடுப்பைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்: "உனக்கு ஒரு வாடிக்கை போனா இன்னொன்னு வரும். அவளுக்கு?"

இவள் என்றைக்கும் இப்படித்தான். ஒரே கேள்வி, முழு அடி.

27-2-2025, வியாழன்

விடிகாலை பஸ் ஏறி புதுச்சேரி போனேன். கூப்பிடாமலே போனேன். சுக்கானை அதற்குள் புதுசாக மாட்டியிருந்தார்கள். வேலை இருபது நிமிஷம்தான் – லீவர் கேபிளைக் கழற்றி, கியர் பாக்ஸின் கைப்பிடியில் எதிர்ப்பக்கம் மாட்டுவது. இருபது நிமிஷ வேலைக்கு ஒரு பெண்ணின் பிழைப்பு.

முடித்துவிட்டுச் சொன்னேன். "சார், பொண்ணு சரியாத்தான் சொன்னா. ரெண்டு தடவ சொன்னா. நான்தான் வாய மூடுன்னேன். அன்னிக்கு போன்ல சொன்னது பொய்."

சார் படகைக் கட்டியிருந்த கயிற்றை ஒரு தடவை இழுத்துப் பார்த்தார். "தப்பா மாட்டினது பரவால்ல. அத நானும் செஞ்சிருப்பேன். இது என்ன மனுஷத்தனம்?"

ஸ்பேனரைத் துடைத்துப் பையில் போட்டேன்.

"ராஜலட்சுமிகிட்ட நான் பேசுறேன். ஆனா நீங்களும் நேர்ல போங்க. உங்க வாயால சொல்லுங்க."

அதற்கப்புறம் ஓட்டிப் பார்க்க என்னையும் ஏற்றிக்கொண்டார். படகு முன்னால் போனது. நான் ஓரமாகக் குனிந்து காலையில் தின்ற இட்லி முழுவதையும் கடலுக்குக் கொடுத்தேன். மரியாதைக்கு மிச்சம் எதுவும் வைத்துக்கொள்ளவில்லை.

3-3-2025, திங்கள்

கம்பெனி கேட்டில் ஒன்றரை மணி நேரம். ராஜலட்சுமி மேடம் செக்யூரிட்டி ரூமுக்கே வந்தார்கள். நடந்ததை நான் சொல்ல, நின்றபடியே கேட்டார்கள்.

"எத்தன தடவ சொன்னா?"

"ரெண்டு தடவ மேடம்."

"மூணாவது தடவ ஏன் சொல்லல?"

"நான் அப்பன், மேடம்."

"இங்க சூப்பர்வைசர் கத்துனாலும் மூணாவது தடவ சொல்லணும். வரச் சொல்லுங்க. சிபாரிசெல்லாம் இல்ல, டெஸ்ட் எழுதட்டும்."

வீட்டுக்கு வந்து சொன்னேன். பாப்பா பத்து நாளில் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தாள்.

"மேடத்துகிட்ட சொன்னீங்க. சார்கிட்ட சொன்னீங்க. டீக்கடைல?"

4-3-2025, செவ்வாய்

டீக்கடையில் சொன்னேன். அதே பெஞ்ச், ஏறக்குறைய அதே ஆட்கள். புதுச்சேரிவரை போய்ச் சொன்னது இதைவிட லேசு. அசோக்குமார் கிண்டல் செய்வான் என்று தயாராக இருந்தேன். அவன் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "எங்களுக்கு அன்னிக்கே தெரியும்ணா. அந்தப் பொண்ணு மொகத்த நாங்களும்தான பாத்தோம்" என்றான்.

ஆக, அன்றைக்கு நான் ஏமாற்றியது யாரைத்தான்?

17-3-2025, திங்கள்

டெஸ்டில் தேறிவிட்டாள். இன்றைக்கு வேலையில் சேர்ந்தாள். காலை ஐந்தே முக்காலுக்கு கம்பெனி பஸ். "நான் நடந்துக்குறேன்" என்றாள், ஸ்டாப் வரை நான் போகவில்லை.

நேற்று டேபிளில் அவள் நிரப்பிவைத்த ஃபாரத்தைப் பார்த்தேன். அப்பா பெயர் என்ற இடத்தில் கங்கப்பன் என்று எழுதியிருக்கிறாள், வேறு வழியில்லை. ஆபத்து, அவசரம் என்றால் யாரைக் கூப்பிடுவது என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் நஞ்சம்மாவின் நம்பர்.

நஞ்சம்மாவின் போன் பாதி நாள் செத்துக் கிடக்கும். அரிசி டப்பா மேலே வைத்துவிட்டு மறந்துவிடுவாள். இன்றைக்குக் கடைக்குக் கிளம்பும் முன் அதைத் தேடி எடுத்து சார்ஜில் போட்டேன். சத்தத்தையும் கூட்டிவைத்தேன். இனி தினமும் போட வேண்டும்.