தொட்ட காய்

என் செல்லத்துக்கு,

உட்கார முடியவில்லை. சமையல் மேடையில் தாளை வைத்து, நின்றபடியே எழுதுகிறேன்.

செஸ் போட்டிக்குப் பெயர் கொடுத்திருந்தேன் அல்லவா? முதல் சுற்றில் கெட்டிக்காரர்களை என்னைப் போன்ற கற்றுக்குட்டிகளோடு மோதவிடுவார்கள். இன்று என் எதிரில் வந்து உட்கார்ந்தது உன் அப்பா. பிரிந்த பிறகு இப்போதுதான் அவர் முகத்தைப் பார்க்கிறேன்.

"நல்லா இருக்கியா?" என்றார்.

"ஆட்டத்தை ஆடுங்க," என்றேன்.

கொஞ்ச நேரத்திலேயே என் குதிரையையும் மந்திரியையும் வாரிச் சுருட்டிவிட்டார். பிறகு என் யானை அவருடைய ராணியைக் குறிவைத்தது. அதை நகர்த்தக் கை நீட்டினார். கை வெடவெடவென்று நடுங்கி, விரல் பக்கத்துச் சிப்பாயில் பட்டுவிட்டது. போட்டியில் தொட்ட காயைத்தான் நகர்த்த வேண்டும் என்பது விதி.

"தெரியாம பட்டதுதானே, ராணியையே நகத்துங்க."

"தொட்டா தொட்டதுதான். எனக்குப் பாவம் பாக்காதே," என்று சிப்பாயை நகர்த்தினார்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ராணியை எடுக்காமல், "டிரா பண்ணிக்கலாமா?" என்று கேட்டேன். மாட்டேன் என்று தலையாட்டினார். எடுத்தேன். அதன் பிறகு அவரால் தாக்குப்பிடிக்க முடியவில்லை.

முடிவுத் தாளில் கையெழுத்துப் போடும்போது பேனா அவர் பிடியில் நிற்கவில்லை. தாள் நழுவாமல் நான் பிடித்துக்கொண்டேன். உடம்புக்கு என்ன என்று கேட்க வாய் வரவில்லை.

"அம்மா என்னை ஜெயிச்சுட்டான்னு பொண்ணுகிட்ட சொல்லு. கேட்டா சிரிப்பா," என்றார்.

சொல்லிவிட்டேன். அவரோடு பேசு என்று உன்னை நான் வற்புறுத்தவில்லை. அவருடைய நம்பர் மட்டும் மாறவில்லையாம்.

அம்மா