கருடன் வரும் நேரம்

என்னங்க, கும்பிட்டு எழுதறேன்.

நேத்து காலையில பின்பக்கத் தோட்டத்துல இருந்தது மூணு பேர்தான்: நான், உங்க தம்பி ஆதவன், பக்கத்து வீட்டு காசியம்மா அக்கா. கொய்யா மரத்தடியில அந்தக் கருடன் செத்துக் கிடந்துச்சு.

ஆறு கோழிக்குஞ்சைத் தூக்கிட்டுப் போனப்பவும் அது மேல எனக்குக் கோபம் வரலை. அதுக்கும் பசிதானே. ஒரு மாசமா அது வர்ற நேரத்தை நோட்டுல குறிச்சேன். காலையில ஏழரை, சாயந்திரம் நாலே முக்கால். அந்த நேரத்துல குஞ்சுகளை வலைக்குள்ள அடைச்சேன். அப்புறம் ஒண்ணுகூடப் போகலை. சந்தோஷத்துல அந்த நோட்டுப் பக்கத்தைப் படம் எடுத்து, பெங்களூர்ல இருக்கற உங்களுக்கு மட்டும்தான் அனுப்பினேன். "கெட்டிக்காரிடி நீ"ன்னு பதில் போட்டீங்க.

ஆதவன் தலையைச் சொறிஞ்சுக்கிட்டே சொன்னான்: "அண்ணன்தான் அண்ணி, நேரத்தை அனுப்பி, கறித்துண்டுல பூச்சிமருந்து தடவி வைக்கச் சொன்னாரு."

காசியம்மா அக்கா சும்மா விடுவாங்களா? "கருடனைப் பார்த்தா நீ கன்னத்துல போட்டுக்குவே, உன் வூட்டுக்காரரு வெஷம் வைப்பாரு. நல்ல ஜோடிடி!"

எனக்குச் சிரிப்பு வரலை. அதைக் கொல்ல நேரம் குறிச்சுக் கொடுத்தது என் கையெழுத்து. மஞ்சள் துணியில சுத்தி நானே புதைச்சேன்.

போன்ல கேட்டா பேச்சை மாத்திடுவீங்க, அதான் எழுதறேன். இனிமே உங்ககிட்ட எதைச் சொல்லலாம், எதை மறைக்கணும்னு தெரியலை. வர்ற பௌர்ணமிக்குச் சேர்ந்து கிரிவலம் போகலாம்னீங்க. ஆதவன் சொன்னது நிஜம்னா நான் தனியா நடந்துக்கறேன். நிஜமா இல்லையான்னு சீக்கிரம் பதில் போடுங்க.

இப்படிக்கு,
உங்க வீட்டுக்காரி